ஒழுகாத பரப்பு: வாக்சல் துறையின் மரபுகளும் அளவுகோல்களும்

சமன்பாட்டில் பிறக்கும் பரப்புக்குத் தடிமன் கிடையாது. வாக்சல் கட்டத்திலோ தடிமன் இல்லாத எதற்கும் இடமில்லை. அங்கே வாக்சல் எனும் சிறு கனசதுரம் நிரம்பியிருக்கும், இல்லையேல் காலியாக இருக்கும். எவற்றை நிரப்புவது என்ற கேள்விக்குச் சொன்ன பதிலை வைத்துத்தான் இத்துறையின் மரபுகள் பிரிந்தன.

மூத்த மரபு பிரெசென்ஹாம் வழி வந்தது. முழு எண்களைக் கூட்டியும் கழித்துமே கோடு வரையும் முறையை ஐபிஎம்மின் ஜாக் பிரெசென்ஹாம் 1965-இல் வெளியிட்டார். அந்தச் சிக்கனத்தை முப்பரிமாணத்துக்குக் கொண்டுசென்றவர் ஆரி காஃப்மன். எயால் ஷிமோனியுடன் 1986-இல் ஒரு கட்டுரை. துணையலகுகளின் (parameter) மதிப்புகளை மாற்றிப் புள்ளிகளைப் பெறும் பரப்புகளைப் பற்றி 1987-இல் சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் இன்னொன்று. அவர் பணியாற்றிய ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் இந்த மரபின் தலைமையிடமாயிற்று. துணையலகுகளைச் சிறு படிகளாக நகர்த்தி, புள்ளி விழும் கனசதுரத்தை நிரப்பிக்கொண்டே போவதுதான் முறை. வேகமானது. படி பெரிதானால் ஓட்டை விழும்; சிறிதானால் ஒரே கனசதுரத்தைப் பலமுறை நிரப்பி நேரம் வீணாகும்.

இந்த ஓட்டைதான் துறைக்கு அளவுகோலைத் தந்தது. திரையில் படம் அழகாக வந்துவிட்டால் போதும் என்பவர்கள் இன்றும் உண்டு; படத்தில் ஓட்டை தெரியாமல் போகலாம், பரப்பின் உட்புறத்தை நிரப்பத் தொடங்கும்போது வெளியெல்லாம் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கனசதுரத்துக்கு முகத்தால் ஒட்டிய அண்டையர் 6 பேர். விளிம்பால் தொடுவோரையும் சேர்த்தால் 18. மூலையால் தொடுவோரும் சேர்ந்தால் 26. முகம், விளிம்பு, மூலை என எதன் வழியாக அடி வைக்கும் நடையைப் பரப்பு தடுக்கும், எதை விட்டுவிடும் என்று கேட்க வேண்டும். 1995-இல் டேனியல் கோஹென்-ஓரும் காஃப்மனும் இதை முறைப்படி வரையறுத்தார்கள். தடுத்தால் மட்டும் போதாது, வேண்டாத கனசதுரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை.

ஒரு சார்பின் மதிப்பு குறிப்பிட்ட எண்ணாகும் இடமே பரப்பு எனக் கொள்ளும் உட்படு சார்புகளைக் கையாள்வோர் வேறு வழியில் போனார்கள். தனி எண்ணுக்குப் பதில் எண்களின் வீச்சை வைத்துக் கணக்கிடும் இடைவெளிக் கணக்கை ரேமன் மூர் 1966-இல் நூலாக்கினார்; அதை டாம் டஃப் 1992-இல் வரைகலைக்குப் பயன்படுத்திக் காட்டினார். ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட, 10 அலகு ஆரமுள்ள கோளத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆயத்தொலைவுகளும் 2 முதல் 4 வரை உள்ள ஒரு பெட்டியில் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 12-க்கும் 48-க்கும் இடையில்தான் வரும். கோளப் பரப்புக்கு வேண்டிய 100 வர வழியே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்காமலே முழுப் பெட்டியையும் தள்ளிவிடலாம். 100 அகப்படும் பெட்டியை மட்டும் எட்டாக வெட்டி மறுபடி சோதிக்க வேண்டும். பக்கத்துக்கு 1,024 என்றால் 107 கோடி வாக்சல்கள் ஆகிவிடும் கட்டத்தில் இது பெரிய விடுதலை. ஆனால் இந்தக் கணக்கு சற்றே பயந்த சுபாவம் உடையது. 2 முதல் 4 வரையுள்ள எண்ணை அதிலிருந்தே கழிக்கச் சொன்னால் சுழி என்னாது. -2 முதல் 2 வரை எதுவும் இருக்கலாம் என்னும். ஆகவே பரப்பு ஒழுகாது, ஆனால் பருத்துவிடும்.

நிரம்பியது, காலி என்ற இரண்டோடு நிற்காமல் இடைப்பட்ட சாயல்களைச் சேமிப்பது இன்னொரு மரபு. 1993-இல் சிட்னி வாங்கும் காஃப்மனும் வடிகட்டி கொண்டு ஓரங்களை மென்மையாக்கினார்கள். திரைப்படத்துறையின் ஓபன்விடிபி மென்பொருள் நூலகம் பரப்பை ஒட்டிய மெல்லிய பட்டையில் மட்டும் தூரங்களைச் சேமித்துவைப்பதையும் இதன் உறவாகவே கொள்ளலாம். கண்ணுக்கு இனியது; ஆனால் ஒழுகலைப் பற்றிய கேள்வியை இது ஒத்திவைக்கிறது.

என் மனம் சாய்வது ஸ்ட்ராஸ்பூர் பக்கம். 1991-இல் அங்கே ழான்-பியர் ரெவெய்யெஸ் அளித்த ஆய்வேடு, பரப்பை வாக்சலாக மாற்றும் பேச்சையே விட்டது. முழு எண்களின் மீது எழுதிய இரட்டை அசமன்பாடே தளம் என்றது. தடிமன் அதற்குள்ளேயே ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று ஆயத்தொலைவுகளின் கூட்டுத்தொகை சுழியாகும் தளத்தைப் பாருங்கள். முகம் வழியாக ஓர் அடி வைத்தால் கூட்டுத்தொகை 1 மாறும். சுழியை மிதிக்காமல் -1-இலிருந்து 1-க்குப் போக முடியாது. ஆகத் தடிமன் 1 போதும். விளிம்பு வழியே தாவினால் 2 வரை மாறும், மூலை வழியே 3 வரை. தடிமனை 2 ஆக்கினால் முன்னதும் 3 ஆக்கினால் பின்னதும் அடைபடும். பொதுவாகச் சொன்னால், கெழுக்களின் மட்டு மதிப்புகளில் பெரியது முகநடைக்குப் போதுமான தடிமன். மூன்றின் கூட்டுத்தொகை எல்லா நடைக்கும் போதுமானது. நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, காகிதத்திலேயே நிரூபிக்கலாம்.

எரிக் ஆந்த்ரெஸ் இதே சிந்தனையை வட்டத்துக்கும் கோளத்துக்கும் விரித்தார். மையத்திலிருந்து உள்ள தூரம், ஆரத்தில் அரை அலகு கழித்த அளவுக்குக் குறையாமலும், ஆரத்தோடு அரை அலகு கூட்டிய அளவை எட்டாமலும் இருந்தால் அந்த வாக்சல் கோளத்தைச் சேர்ந்தது. பிரெசென்ஹாம் வழியில் வரைந்த வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இடையிடையே யாருக்கும் சேராத பிக்சல்கள் மிஞ்சும். ஆந்த்ரெஸின் கோளங்களை முழு எண் ஆரங்களில் அடுக்கினால் வெளி முழுதும் நிரம்பிவிடுகிறது. எந்த வாக்சலும் இரண்டு கோளங்களுக்குச் சேர்வதில்லை.