முதன்மை நோக்கமும் நாடகக் காதலும்

அனந்தபுரம் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. 2024 ஏப்ரலில் ஒருநாள் காலை, தோழர் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். பிரிட்டனில் இருப்பவர் வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள வேண்டுமானால், இனி ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டுமாம். அதுவரை 18,600. "காசு இல்லாதவன் பொண்டாட்டியோட வாழக்கூடாதா? வெள்ளைக்காரன் திமிரப் பாத்தியா" என்று கொதித்தோம். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "இங்க மட்டும் இன்னாவாம்? நம்ம புள்ளைங்க கட்டிக்கினா ஆயிரம் கேள்வி கேக்கல?" எங்களிடம் பதில் இல்லை. அக்கா கேட்டதை யோசித்ததில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரிட்டிஷ் அரசின் சந்தேகம் முதலில் கை வைத்தது பணத்தின் மீதல்ல, பெண்ணின் உடம்பின் மீது. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரைக் 'கன்னித்தன்மை'ச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அங்கே இருந்தவரை மணந்துகொள்ள வந்தவர் அவர். மணம் முடிக்க வருகிறவருக்கு அப்போது விசா வேண்டாம். மனைவியாக வருகிறவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கன்னி என்றால் மணமாகாதவள், இல்லையென்றால் பொய் சொல்கிறவள்: இதுதான் அதிகாரிகளின் கணக்கு. பெண்ணைப் பற்றி மனுவின் வாரிசுகள் நமக்குச் சொல்லிவந்ததை வெள்ளை அதிகாரி அப்படியே அளவுகோலாக எடுத்துக்கொண்டான். இந்த இடத்தில் இனவாதமும் பார்ப்பனியமும் கைகுலுக்கிக்கொண்டன. பத்திரிகையில் அம்பலமான பிறகே நிறுத்தினார்கள். கறுப்பினப் பெண்களும் ஆசியப் பெண்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

1980களில் வந்தது 'முதன்மை நோக்கம்' என்ற விதி. பிரிட்டனில் குடியேறுவது என் திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று விண்ணப்பிக்கிறவரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? இந்தியத் துணைக்கண்டத்து ஆண்கள்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். கணவருக்கு ஒரு விதி, மனைவிக்கு ஒரு விதி என்பது பாலினப் பாகுபாடு என்று 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு கணவர்களுக்குத் தளர்த்தவில்லை, மனைவிகளுக்கும் சேர்த்து இறுக்கியது. இது அவர்கள் கண்ட சமத்துவம். 1997இல் அந்த விதி போனது. 2012இல் வருமான வரம்பு வந்தது. 2024 மார்ச்சிலிருந்து, அங்குள்ள முதியோரைக் குளிப்பாட்டித் துடைத்துவிடப் போகிற பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இது நமக்குப் புதுசல்ல. கழனிக்குக் கை வேண்டும், தெருவுக்குள் ஆள் வரக்கூடாது என்ற பண்ணை நியாயம்தான்.

இப்போது நம்மூருக்கு வருவோம். நத்தம் காலனி இளவரசனும் திவ்யாவும் 2012இல் மணம் முடித்தார்கள். நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் சேரிகள் கொளுத்தப்பட்டன. 250க்கு மேற்பட்ட வீடுகள். அடுத்த மாதம் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தலித் அல்லாத சாதிகளைக் கூட்டிப் பேசினார். ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். அந்தப் பிரச்சாரத்துக்குப் பெயர் 'நாடகக் காதல்'. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான்.

'முதன்மை நோக்கம்', 'நாடகக் காதல்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே விசாவுக்காகக் கட்டுகிறான், இங்கே சொத்துக்காகக் கட்டுகிறான். கீழே இருப்பவனுக்குக் காதல் வராது, கணக்குதான் வரும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. வெள்ளையனும் வெள்ளையனும், சாதிக்குள் சாதியும் கட்டிக்கொண்டால் நோக்கம் கேட்பதில்லை. நூறு பவுன் போட்டுக் கட்டுகிற கல்யாணத்தின் முதன்மை நோக்கம் என்னவென்று எந்த அதிகாரி கேட்டான்? தமிழ் எம்.ஏ. வகுப்பில் கற்பியல் நடத்தினார்கள். காதலில் பொய் புகுந்த பின்புதான் மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். யாருடைய பொய் என்று நாங்களும் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை.

சட்டமும் இந்த நோய்க்குத் தப்பவில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. இந்தியரை மணந்து ஏழு ஆண்டு இங்கே வசித்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது 1955 குடியுரிமைச் சட்டம். ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி'க்கு அது கிடையாது. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் அந்தப் பட்டியலில் விழுகிறார். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் கொடுமை. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் இப்படிப்பட்டவர் என்றால், மற்றவர் இந்தியரே ஆனாலும் இங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பால் இந்தியர் இல்லை. நம் காலனிப் பெண் ஒருத்தி முகாம் பையனைக் கட்டிக்கொண்டால், செஞ்சி ஆஸ்பத்திரியில் பெறும் பிள்ளைக்கும் அந்நியன் என்று பெயர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் ஈழத்தமிழரைச் சேர்க்கவில்லை. முகாம்களில் கணிசமானோர் மலையகத்தார். தேயிலைக்குக் கப்பலேற்றப்பட்ட நம் சேரி சனங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது குடியுரிமை அல்ல.

கடல் கடந்தவர்களையும் ஒன்று கேட்க வேண்டும். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2018இல் அரசு கைவிட்டது. நிறத்தால் அடிபடும்போது வலிக்கிறது. சாதியால் அடிப்பதைச் சட்டம் தடுக்க வந்தால் கசக்கிறது.

லண்டன் விதியை எதிர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிர்ப்போம். ஆனால் அதே தீர்மானத்தில் 2003 திருத்தத்தை நீக்கு என்று எழுதுவோம். ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்போம். அக்கா கேட்ட அன்று வரை என் எந்தக் கட்டுரையிலும் கீழ்ப்புத்துப்பட்டு பற்றி ஒரு வரி இல்லை. பஸ் ஏறினால் அரை நாளில் போய்ச் சேரும் தூரம்தான்.