விரால் அடித்தும் முள் ஏறாதது ஏன்?

கந்தளாய்க் குளத்தின் அலைகரையில் நின்று, தாமரை இலைகளுக்கு நடுவே றப்பர்த் தவளையை எறிந்து விரால் பிடிக்க முயல்பவர்களின் ஆட்டத்தைச் சிறிது நேரம் கவனிக்கிற எவருக்கும், மீன் அடிக்கவில்லை என்ற குறை அவர்களுக்கு அவ்வளவாக இல்லை என்பதும், அடித்த மீன் கைக்கு வரவில்லை என்பதே அவர்களுடைய தீராத மனக்குறை என்பதும் எளிதில் விளங்கிவிடும். இலைகளுக்கிடையே தண்ணீர் வெடிக்கிறது; எறிந்தவர் உடம்பு முழுவதையும் பின்னே சாய்த்துக் கம்பைச் சுண்டி இழுக்கிறார்; மறுகணம் தவளை காற்றிற் பறந்து வந்து அவருடைய தோளுக்குப் பின்னால் விழுகிறது. “முள் ஏறேல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இழுத்த வேகம் போதாதென்று தாமே தீர்மானித்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் பலமாக இழுக்கிறார். பலனோ முன்னையதிலும் மோசமாகிறது. வலிமைக் குறைவினால் இந்த மீன்கள் தப்புகின்றன என்ற அபிப்பிராயம் பரவலானது. ஆயினும், கண்ணையும் காதையும் நம்பி இழுப்பதனால் ஒரு பாதியும், எறிவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யாமையால் மறு பாதியும் தப்புகின்றன என்பதே நம்முடைய பட்சம்.

இலைகுழைகளுக்குள் ஒளிந்திருக்கும் மீனைப் பொய் இரையால் வெளிக்கொணரும் கலை, அமெரிக்காவிலே பாஸ் என்னும் மீனை முன்னிட்டு வளர்ந்தது. ஜோர்ஜியா மாநிலத்தில் 1932 ஜூன் 2 ஆம் திகதி ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ், எழுபத்தேழு ஆண்டுகள் நிகரின்றி நின்று, 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் பிடித்த மீன் அதற்குச் சமமாக வைத்தெண்ணப்பட்டபோதுதான் ஒரு பங்காளியைப் பெற்றது. 1971 இல் மீட் ஏரியில் முதலாவது பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி நடந்தது முதல், பணப்பரிசுக்காக மீன் பிடிப்போர், ஒரு மீன் ஏன் தப்பியது என்ற கேள்வியைக் கிரிக்கெட் ரசிகர் ஒரு விக்கெட்டை ஆராய்வதுபோலவே நுணுகி ஆராய்ந்து வந்திருக்கின்றனர். நமது குளங்களில் பாஸ் இல்லை. ஆனால், மறைவிடத்தை விட்டகலாத சுபாவத்திலும், தலைக்கு மேல் அசையும் எதையும் பாய்ந்து கவ்வும் மூர்க்கத்திலும் அதற்குச் சற்றும் குறையாத விரால் நன்னீரிலும், கொடுவா உவர்நீரிலும் திருகோணமலை மாவட்டத்தாருக்கு வாய்த்திருக்கின்றன. ஆகையால் அந்தப் பாஸ் பிடிப்போர் கண்ட முடிவுகளை நமது மீன்களின் இயல்பிற்கேற்பத் திருத்திக்கொள்வதே நாம் செய்யத்தக்கது.

முதலில் ஆடுகளத்தைப் பார்ப்போம். இரண்டாம் அக்கபோதி மன்னன் ஏழாம் நூற்றாண்டிற் கட்டியதென்று வரலாற்றாசிரியராலும், குளக்கோட்டன் திருப்பணியென்று தமிழ் மரபாலும் போற்றப்படுவதும், 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அணை உடைந்து பேரழிவு விளைத்தபின் திருத்திக் கட்டப்பட்டதுமான கந்தளாய்க் குளம், வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி, சிறுபோகத்துக்கு நீர் பாய்ச்சப் பாய்ச்ச ஆவணி, புரட்டாதி வரை வற்றிக்கொண்டு போகும். வற்றுகின்ற காலத்தில் கரையோரத் தாமரையும் ஆம்பலும் நெருங்கி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, ஆற்றுவாழையும், 1939 இல் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த சல்வீனியா என்னும் மிதவைக் களையும் பிடித்துள்ள குளங்களில் நீர்ப்பரப்பே தெரியாமற் போய்விடும். இத்தகைய இடத்தில் எறியப்படும் நூல், கம்பின் நுனியிலிருந்து மீனின் வாய்வரை நேராகச் செல்வதில்லை; இங்கே ஓர் இலைக்காம்பு, அங்கே ஒரு தண்டு என்று வளைந்து வளைந்தே செல்கிறது. இழுப்பவர் முதலில் நிமிர்த்துவது இந்த வளைவுகளைத்தான். எஞ்சியதே மீனைச் சென்றடைகிறது.

இதன் கணக்கு மிக எளியது. 7 அடிக் கம்பொன்றைத் தண்ணீர் மட்டத்திலிருந்து தலைக்கு நேரே உயர்த்தினால் அதன் நுனி கடக்கும் வில்வட்டம் 11 அடிக்கு மேற்படாது; கம்பின் வளைவையும் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறைவு. நூல் தொய்ந்திருந்தால் அதற்குள் மூன்று நான்கடி அதிலேயே போய்விடும். தங்கூசி நூலாக இருப்பின், இழுப்பிற்கேற்ப நீளும் அதன் இயல்பு மற்றொரு பகுதியை விழுங்கிவிடும். இவற்றோடு உராய்வும் சேர்கிறது. துறைமுகத்திலே பெருங்கப்பலின் வடத்தை இரும்புக் குற்றியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றை ஆள் பிடித்து நிறுத்துவது எந்த நியமத்தினாலோ, அதே நியமத்தினால் நூல் ஒவ்வொரு தண்டிலும் வளையுந்தோறும் இழுப்பவரின் பலம் படிப்படியாகக் கரைந்து, மீனின் தாடைக்குப் போய்ச் சேரும்போது முள்ளைத் தசையில் ஏற்றப் போதாததாகிவிடுகிறது. மேலும், கம்பு நெம்புகோலே எனினும் பலத்தைப் பெருக்குகிற நெம்புகோலன்று. பலத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்குகிற நெம்புகோல். ஆகவே கையின் ஆவேசம் அப்படியே முள்ளுக்குப் போகிறதென்று எண்ணுவது பிரமை.

இந்தக் கணக்கை உணர்ந்தவர் முதலிற் சுருக்குவது எறியும் தூரத்தையே. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டீ தோமஸ் என்பவர் 1970களில் நீண்ட கம்பால் மிகக் கிட்டிய தூரத்தில், புதருக்குள்ளேயே இரையை மெல்ல இறக்கிவைக்கும் முறையைப் பிரபலப்படுத்தியபோது, அதன் இரகசியமும் இதுவேயாக இருந்தது. நாற்பது அடிக்குள் கிடைக்கக்கூடிய விராலுக்காக எண்பது அடி எறிவது தோள்வலிமையைக் காட்டலாம். முள் ஏற்றுவதற்கு உதவாது. அடுத்ததாக, இலைக்கூட்டத்தின் மேல் குறுக்கே எறியாமல், இலைகளுக்கிடையே இயல்பாக விட்டிருக்கும் வழிகளைக் கண்டு, மீன் அடித்தால் எவ்வழியே வெளிக்கொணர்வது என்பதைத் தீர்மானித்த பின்பே எறிதல் வேண்டும். அணைக்கட்டின் உயரத்தில் நிற்பவருக்கு நூல் இலைக்கு மேலாக எழும்பி நிற்பது ஒரு வாய்ப்பு. தாழ்ந்த கரையில் நிற்பவர் அதை ஈடுசெய்யத் தண்ணீரில் இறங்குவது வழக்கமாயினும், முதலை வாழும் குளங்களில் அந்த யுக்தியைக் கைவிடுவதே விவேகம்.

இனி, எதிராளியின் ஆட்டமுறை. விரால் தண்ணீரில் வாழ்ந்தாலும், மேலெழுந்து காற்றை உட்கொள்ளாமல் உயிர் தரிக்க இயலாத மீன். ஆகையால் இலைகளுக்கிடையே எழும் ஒவ்வொரு ‘களுக்’ என்ற ஓசையும் இரைவேட்டை ஆகாது. தவளையை அது தாக்குவதிலும் வேற்றுமைகள் உள. சில வேளை இலையோடு சேர்த்து முட்டி எறிகிறது. சில வேளை பின்புறத்தை மட்டும் பற்களாற் கவ்வி நிற்கிறது. சில வேளை முழுவதையும் வாய்க்குள் வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பிக் கீழே செல்கிறது. மூன்றிலும் எழும் வெடிப்போசை ஏறக்குறைய ஒன்றே. முள் ஏறத்தக்கதோ மூன்றாவது மட்டுமே. இறுகக் கவ்வியபடி நம்மை நோக்கி நிற்கிற மீனை இழுத்தால், றப்பர் பற்களிடையே பிடிபட்டு அசையாதிருக்க, முள் தசையைத் தொடாமலே, மீன் வாயைத் திறந்த கணத்தில் அனைத்தும் வெளியே வந்துவிடுகிறது. தலையைத் திருப்பிய மீனிடத்திலோ இரை வாயின் மூலைக்கு வழுக்கிச் சென்று, முள்ளின் முனை தானாகவே தசையை நாடுகிறது.

ஆகவே ஓசை கேட்டவுடன் செய்யத்தக்க முதற்காரியம் ஒன்றும் செய்யாமலிருப்பதே. கம்பின் நுனியை மீன் இருக்கும் திசைக்குத் தாழ்த்தி, றீலைச் சுற்றித் தொய்வை வாங்கி, நூலின் மறுமுனையில் ஒரு பாரம் நகர்வதைக் கை உணர்ந்த பின்னர், ஒரே வீச்சில், இடையில் நிறுத்தாமல் உயர்த்துதல் வேண்டும். தவளை இன்னும் இலைமேற் கிடப்பது கண்ணிற்பட்டால் அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும். குறி தவறிய விரால் பெரும்பாலும் அயலிலேயே நின்று இரண்டாம் முறை அடிக்கும். அவசரக்காரர் அந்த இரண்டாவது வாய்ப்பையும் தம் கையாலேயே தூக்கி எறிந்துவிடுவதோடு, இரட்டை முள்ளைத் தம் முகத்தை நோக்கியும் வரவழைத்துக்கொள்கிறார். கண்ணாடி அணியாமல் இந்த ஆட்டத்தில் இறங்கலாகாது.

உயிர்த்தவளையைக் கோத்து விரால் பிடித்த நம் முன்னோர், மீன் இரையை விழுங்கும்வரை பொறுத்திருந்தனர் என்பதைக் காட்டி, அப்படியே நாமும் காத்திருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைத் தவளை சுவைக்கும், றப்பர் சுவைக்காது. வஞ்சனையை அறிந்த மீன் அதைத் துப்பிவிடும். பொய் இரைக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம், வெடிப்போசைக்கும் துப்புதலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளியே. அதன் அளவை மனத்துக்குள் எண்ணிக் கணக்கிடுவதும் சரியன்று. மீனுக்கு மீன் அது வேறுபடும். நூல் நகர்ந்ததா என்பதே கேள்வி. எண் எத்தனை வந்தது என்பதன்று.

கருவிகளில் முதலிடம் முள்ளின் முனைக்கே உரியது. முனையை நகத்தின்மேல் மெல்ல வைத்துத் தள்ளினால் வழுக்கிச் செல்லும் முள் மொட்டை. ஊன்றி நிற்பதே ஏற்றது. தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரு முட்களையும் மிகச் சிறிதளவு வெளிப்புறமாக நெளித்து விட்டால் களை மாட்டுவது சற்றே கூடும். மீன் மாட்டுவது அதனினும் கூடும். உடலை இரு விரல்களால் அமுக்கும்போது முனைகள் எளிதில் வெளிப்படாத கடினமான றப்பரைக் கடையிலேயே விட்டுவருவது நலம். உள்ளே தண்ணீர் புகுந்த தவளை அமுங்க மறுக்கும் என்பதால் அடிக்கடி பிழிந்துகொள்ளவும் வேண்டும். நூலில், பிரெயிட் என்று கடைக்காரர் சொல்லும் பின்னல் நூல் 50 முதல் 65 இறாத்தல் வலுவுடையதாக இருப்பின், அது நீளாமையினாலும் மென்மையான தண்டுகளை அறுத்துச் செல்வதனாலும் இரட்டை நன்மை உண்டு. நீளாத நூலோடு, றீல் நூலை விட்டுக்கொடுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் டிராக்கும் இறுகியிருக்க வேண்டும். இழுக்கும் கணத்தில் றீல் ஓசையோடு நூலை விட்டுக்கொடுத்தால் முன்சொன்ன ஏற்பாடெல்லாம் வீண்.

முள் ஏறியதும் ஆட்டம் முடிந்துவிடுவதில்லை. மீனின் தலையை உடனே மேலே திருப்பி, இலைகளின் மேலாகவே வழுக்கிக்கொண்டு வரச்செய்ய வேண்டும். ஒரு சாண் கீழே செல்ல இடங்கொடுத்தால் தாமரைத்தண்டைச் சுற்றிக்கொள்ளும். அவ்வாறு சுற்றிக்கொண்டால் பலம் காட்டாமல், நூலை இறுக்கமாக வைத்தபடி தோணியில் அதனிடம் நாமே செல்வது உத்தமம்.

கொட்டியாரக் குடாவிலும் தம்பலகாமக் குடாவிலும் கண்டல் வேர்களை அடுத்து வாழும் கொடுவாவிடம் இதே பொறுமையைக் காட்டினால் தோல்வி நிச்சயம். அது வாயை விரித்து நீரோடு இரையை உறிஞ்சி, வேண்டாததென்று கண்டால் அதே வேகத்தில் வெளியேற்றிவிடும். இரையும் தண்ணீருக்குள் ஓடுகின்ற கடினமான மீன் வடிவம். அங்கே நூல் எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் ‘டக்’ என்ற தட்டு கைக்கு நேரே வருகிறது. வந்த அக்கணமே கம்பைப் பக்கவாட்டில் வீசி, வேரை விட்டு மீனை விலக்க வேண்டும். செவுள்மூடியின் கூரிய விளிம்பு நூலை அறுத்துவிடுமாதலால் முனையில் தடித்த லீடர் நூல் அவசியம். கொடுவா ஆணாய் வளர்ந்து பின்னர் பெண்ணாகும் இனம்; பெரியவற்றை விட்டுவிடுவது அடுத்த தலைமுறை மீனைக் காப்பதாகும். இரு மீன்களிடத்தும் வெவ்வேறாகத் தோன்றும் விதிகள் உண்மையில் ஒன்றே: கையில் நூல் சொன்ன பின்பு இழு. விராலிடம் நூல் தாமதித்துச் சொல்கிறது. கொடுவாவிடம் உடனே சொல்கிறது.

செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தின் அருகே காவல் நிற்கும் தாய் தந்தை விரால்களைக் குறிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தர்மத்தை ஒருபுறம் வைத்தாலும், அவை இரையாக விழுங்குவதைவிட விரட்டுவதற்காகவே முட்டுகின்றமையால் முள் ஏறாத அடிகளின் தொகையைப் பெருக்குவதும் இந்த வழக்கமேயாகும்.

இவ்வளவையும் ஒரே நாளிற் கைக்கொள்ள இயலாதவர், முதலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்: எறியும் தூரத்தைப் பாதியாக்குவது. தூரம் குறைந்தால் தொய்வு குறையும், வளைவு குறையும், நூலின் செய்தி தெளிவாகக் கைக்கு வரும். பொறுமையும் அதன்பின் எளிதாகும். அதற்குப் பிறகும் மீன் தப்பினால், புதிய கம்பு வாங்குவதற்குமுன் முள்ளை நகத்தில் வைத்துப் பார்ப்பது செலவில்லாத சிகிச்சை.