தோற்றவர்களின் கோடு

டென்னிஸ் பந்தயங்களுக்கு 'டிரா' என்று ஒரு படம் போடுவார்கள். இடது ஓரத்தில் பெயர்கள் வரிசையாக இருக்கும். கோடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, வலப்பக்கம் போகப் போகக் குறைந்து, ஒரே பெயரில் முடியும். விம்பிள்டன் ஆடவர் இரட்டையர் டிராவில் 64 ஜோடிகள், 63 ஆட்டங்கள், மிஞ்சுவது ஒரு ஜோடி. கதை எழுதுகிறவன் கண்ணுக்கு இது ஒரு நாவலின் எலும்புக்கூடாகவே படுகிறது. ஆகவே 2012-ம் வருஷத்து டிராவை ஒரு நாவலாகவே பாவித்து விமரிசிக்கத் துணிகிறேன்.

இந்தக் கதைக்கு ஆசிரியர் உண்டா? வெறும் சீட்டுக் குலுக்கல்தானே என்பார்கள். பாதிதான் வாஸ்தவம். பலசாலிகளான 16 ஜோடிகளை முன்கூட்டியே தரம் பிரித்து, முதல் இரண்டு ஜோடிகளையும் படத்தின் மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலுமாக வைத்துவிடுகிறார்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் அவர்கள் சந்திக்கவே முடியாது. உச்சக்கட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அத்தியாயம் பிரிக்கும் தொடர்கதைக்காரரும் இதைத்தான் செய்கிறார்.

அந்த வருஷம் பாத்திரங்கள் ஆசிரியருக்கு அடங்கவில்லை. பிரிட்டனின் ஜானதன் மாரேயும் டென்மார்க்கின் ஃபிரெடரிக் நீல்ஸனும் 'வைல்ட் கார்டு' என்ற சலுகை அழைப்பில் உள்ளே வந்தவர்கள். அரையிறுதியில் அமெரிக்காவின் இரட்டைச் சகோதரர்களான பாப், மைக் பிரையனை வீழ்த்தினார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனின் ராபர்ட் லின்ட்ஸ்டெட், ருமேனியாவின் ஹோரியா டெகாவ் ஜோடியை 4-6, 6-4, 7-6, 6-7, 6-3 என்று வென்றார்கள். வைல்ட் கார்டில் வந்த ஜோடி அந்தப் பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. 1936-க்குப் பிறகு அதைப் பெற்ற முதல் பிரிட்டிஷ்காரர் மாரே. நீல்ஸனின் தாத்தா குர்ட் நீல்ஸன் 1953-லும் 1955-லும் விம்பிள்டன் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் தோற்றவர். இத்தனையையும் ஒரே நாவலில் நான் எழுதியிருந்தால், "கொஞ்சம் நம்பும்படி எழுதுங்கள்" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

எல்லோரும் ரசித்த கதை இது. எனக்குக் குறை வேறிடத்தில். லின்ட்ஸ்டெட்டும் டெகாவும் 2010-ல் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். 2011-லும் தோற்றார்கள். 2012-ல் மூன்றாவது தடவை. இறுதி ஆட்டத்தில் தோற்பதற்கு முதலில் ஐந்து சுற்றுகளைக் கடக்க வேண்டும். மூன்று வருஷத்தில் பதினைந்து சுற்றுகள்! ஆனால் டிரா ஒவ்வொரு வருஷமும் புதுக் காகிதம். பழைய தோல்விக்கு அதில் இடமில்லை.

ஒற்றையரில் தோற்றவன் தன்னை மட்டும் நொந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். இரட்டையரில் பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான். யார் விட்ட பந்து என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் சிநேகிதம் போயிற்று. பார்க்காமல் இருப்பதும் சுலபமல்ல. இருமுறை தோற்ற பிறகும் அதே தோழனோடு மூன்றாம் முறை வந்து நின்றார்களே, அதுவல்லவா கதை? அடுத்த வருஷம் தோற்றவர்களும் பிரிந்தார்கள். வென்றவர்களும் சேர்ந்து வந்து பட்டத்தைக் காக்கவில்லை. லின்ட்ஸ்டெட் 2014-ல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும், டெகாவ் 2015-ல் விம்பிள்டன் பட்டத்தையும் வேறு தோழர்களோடு பெற்றார்கள். 2012-ம் வருஷத்துப் படத்தில் இதற்கெல்லாம் கோடு கிடையாது.

டிராவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது சந்தேகம். என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார்: "பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பெண் கிடைக்காமல் ஊரைவிட்டுப் போனானே, அந்தப் பிள்ளை அப்புறம் என்ன ஆனான்?" எனக்குத் தெரியவில்லை. கதாநாயகனுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் அவசரத்தில் அவனை மறந்தே போனேன். அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.