பல்லிக்குப் பதில் பள்ளி

திரையில் ஒரு பல்லியின் படம். கீழே நான்கு சொற்கள். என் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கொஞ்சமும் தயங்காமல் ‘பள்ளி’ என்பதைத் தொட்டான். செயலி அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டது. பிறகு வந்த அறிக்கையில் அவன் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கட்டம்: லகர ளகர வேறுபாடு தெரியவில்லை. மறுநாள் அவனை அருகில் உட்காரவைத்து, “ஏன்டா தம்பி இதைத் தொட்ட?” என்று கேட்டேன். “இது நம்ம ஸ்கூல் போர்டுல இருக்குமே டீச்சர்” என்றான்.

அவனுக்கு லகர ளகரக் குழப்பம் இல்லை. குழம்புகிற இடத்துக்கே அவன் இன்னும் வந்து சேரவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை, தினமும் நுழைவாயிலில் பார்க்கும் சொல்லின் உருவத்தை அடையாளம் கண்டு தொட்டிருக்கிறான். லகர ளகரக் குழப்பம் என்றால் நாக்கை மடித்து ஒலித்துக் காட்ட வேண்டும். இவனுக்கோ ‘ப’விலிருந்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படிக்கப் பழக்க வேண்டும். சிவப்புக் கட்டத்தை அப்படியே நம்பியிருந்தால் ஒரு வாரம் முழுக்க நாக்கை மடித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

செயலியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அது வந்த வழிக்கு ஒரு கதை உண்டு. 2012-13-ல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு தமிழ்நாட்டுக்கு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த 40-ல் பெரும்பகுதி சார்ட்டிலும் ஆல்பத்திலும் கரைந்துபோனதை அந்தக் காலத்துப் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். பத்தாண்டு கழித்து, 2022 ஜூனில், எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எதுவரை கற்றிருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். மதிப்பீடும் செயலிக்குப் போனது. தனியார் பள்ளிகளும் இன்று ஏதாவது ஒரு செயலிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருக்கின்றன. இனி இதிலிருந்து பின்வாங்கப் போவதில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முடிவு வந்த மறுநாள் காலை, வகுப்பில் என்ன மாறுகிறது?

என் வகுப்பில் ஒரு முறை நிஜமாகவே மாறியது. முந்நூற்று ஐந்தை எண்ணால் எழுதச் சொன்னால் 3005 என்று எழுதுவது மூன்றாம் வகுப்பில் சகஜம். காதில் விழுகிற வரிசைப்படி முந்நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தைப் போட்டுவிடுவார்கள். நோட்டு திருத்தும்போது ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டு, ‘கவனம் தேவை’ என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு நாள் இணையவழித் தேர்வின் முடிவில் 26 பேரில் 17 பேர் அதே 3005-ஐத் தொட்டிருந்தார்கள். தனித்தனி நோட்டில் கவனக்குறைவாகத் தெரிந்தது, 17 பேர் ஒரே வரிசையில் நின்றபோது நான் பாடம் நடத்திய லட்சணமாகத் தெரிந்தது. மறுநாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்கி, மூன்று கொட்டாங்குச்சிகளை வரிசையாக வைத்தோம். நடுக் கொட்டாங்குச்சி காலி. “காலியா இருந்தா என்ன போடணும்?” பூஜ்யம் என்ன வேலை செய்கிறது என்பது அன்றுதான் பலருக்குப் புரிந்தது. அந்த அறிக்கை இல்லாமல் நான் இன்னும் வட்டம் போட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொரு பலம், சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. ஆசிரியரின் கண் ஓரவஞ்சனை உள்ளது. முன்வரிசையில் இரண்டு பேர் உரக்கச் சொன்னால் வகுப்பே சொன்னதாக எடுத்துக்கொள்வோம். கையெழுத்து அழகாக இருந்தால் ஒரு மதிப்பெண் தானாக ஏறும். செயலிக்குப் பிள்ளையின் முகமும் தெரியாது, அப்பா யார் என்பதும் தெரியாது. மதிப்பெண்ணைக் கூட்டிப் போடும் பழக்கத்துக்கும் அது ஓரளவு அணை போடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் அரசுத் தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கு அதே கேள்விகளை வெளியாட்கள் மீண்டும் கொடுத்துப் பார்த்தபோது, அரசுக் கணக்கு உண்மையைவிட வெகுவாக வீங்கியிருந்தது. ஆந்திரத்தில் டேப்லெட்டில் நடத்திய தேர்வில் அந்த வீக்கம் பெரிதும் குறைந்தது. இரண்டையும் ஆராய்ந்தவர் அபிஜித் சிங் என்ற பொருளியலாளர்.

இனி குறைக்கு வருவோம். 52-லிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 36 என்கிறது, இன்னொன்று 34 என்கிறது. இரண்டும் தவறு, ஆனால் இரண்டும் ஒரே தவறு அல்ல. 36 சொன்ன பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 34 சொன்ன பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். கொடுத்த பக்கத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்கு ஒரு வாரப் பாடம் வேண்டும், இரண்டாவதுக்கு ஐந்து நிமிடம் போதும். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே இப்படிப்பட்ட பிழைகளைத் தொகுத்து, பிள்ளைகள் ஏனோதானோ என்று பிழை செய்வதில்லை, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று காட்டினார்கள். ஆக, தொட்ட தவறான விடைதான் ஆசிரியருக்குக் கிடைக்கும் தங்கம். அறிக்கைகள் பெரும்பாலும் அதைக் கழித்துவிட்டு, ‘கழித்தல்: 40 சதவீதம்’ என்று சக்கையை அனுப்புகின்றன. 3005 என் கண்ணில் பட்டதே, அந்த ஒரு தேர்வில் யார் எதைத் தொட்டார்கள் என்ற பட்டியலும் சேர்ந்து வந்ததால்தான்.

அந்தச் சதவீதத்தையும் எவ்வளவு நம்பலாம்? ஒரு திறனுக்கு இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் என்று வையுங்கள். ஒன்றுமே தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், இரண்டில் ஒன்றாவது சரியாக விழ 16-ல் 7 வாய்ப்பு இருக்கிறது. ஏறக்குறைய நாணயம் சுண்டுகிற கதை. இதை வைத்துப் பிள்ளைக்கு வண்ணம் பூசி, குழு பிரித்து, மாதக்கணக்கில் அங்கேயே உட்கார வைக்கிறோம்.

அறிக்கை மிக நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் பிரச்சினை தீரவில்லை. பிரிக்கப்படாத ஆந்திரத்தில் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகள் எதில் பலவீனம் என்று தேர்வு வைத்துக் கண்டுபிடித்து, ஆசிரியர்களுக்கு அறிக்கை கொடுத்தார்கள். அவ்வப்போது வகுப்புக்கும் போய்ப் பார்த்தார்கள். யாராவது பார்க்கும்போது ஆசிரியர்கள் கூடுதலாக உழைத்தார்கள். பிள்ளைகளின் கற்றலில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அது காகிதத் தேர்வு. ஆனால் அறிக்கைக்குக் காகிதம் என்ன, திரை என்ன?

ஹரியானாவில் ஜேம்ஸ் பெர்ரியும் கூட்டாளிகளும் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் நேரடியானது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டை மட்டும் கொண்டுவந்த பள்ளிகளில் மதிப்பெண் அசையவில்லை. வகுப்பு பாராமல் வாசிப்பு நிலையை வைத்துப் பிள்ளைகளைக் குழுவாக்கி, அதற்கென்றே அன்றாடம் நேரம் ஒதுக்கிய இடங்களில் இந்தி வாசிப்பு முன்னேறியது. அங்கேயும் மதிப்பீடு இருந்தது. ஆனால் குழு பிரிப்பதோடு அதன் வேலை முடிந்தது. மிச்ச நேரம் எல்லாம் பாடத்துக்குப் போனது.

நம்மிடம் குறைவாக இருப்பது அந்த நேரம்தான். ஓர் ஈராசிரியர் பள்ளியின் காலையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தலைமை ஆசிரியர். அலுவல் வேலை பாதியைத் தின்னும். மற்றவர் கையில் ஐந்து வகுப்பு. ஒரு போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேள்வி காட்ட வேண்டும். சர்வர் சுற்றும். மீதிப் பிள்ளைகள் ‘சத்தம் போடாம எழுதுங்க’ என்ற பாடத்தைப் படிப்பார்கள். 26 பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். ஒரு முழுநாள் பாடம் போய்விட்டது. அளக்க ஒரு நாள் செலவழித்துவிட்டு, அளந்ததை வைத்துச் சொல்லிக்கொடுக்க அரைமணி கிடைக்காத ஏற்பாட்டில், அறிக்கை எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன பயன்? எமிஸ் என்ற கல்வித் துறை இணையத் தளத்தில் ஏற்றும் பதிவுகளைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரே எண் இரண்டு இடத்துக்குப் போகிறது. எனக்கு வரும்போது அது நோய்க்குறி. மேலதிகாரிக்குப் போகும்போது அது என் தர அட்டை. இந்த இரண்டு வேலையையும் ஒரே எண்ணால் செய்ய முடியாது. டாக்டரின் சம்பளத்தை நோயாளிகளின் காய்ச்சல் அளவை வைத்து முடிவு செய்தால், தெர்மாமீட்டரை யாரும் நேராகப் பிடிக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், தேர்வுக்கு முந்தைய நாள் அதே மாதிரிக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். மறுநாள் எல்லாக் கட்டமும் பச்சை. கூட்டத்தில் பாராட்டு. பிள்ளைகளுக்கு என்ன தெரியாது என்று அறிய இருந்த ஒரே வழியும் அன்று அடைபட்டது.

பெயரிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் அழகான சொற்கள், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் அதை எப்போதோ மொழிபெயர்த்துவிட்டார்கள். “அவன் இன்னும் அரும்புதான்” என்று ஒரு சிறுமி கையை உதறிச் சொன்ன தொனியில், பழைய ‘கடைசி பெஞ்ச்’ அப்படியே இருந்தது. மதிப்பெண்ணும் இப்படி ஒரு முத்திரைதான். 1988-ல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பள்ளிகளில் செய்த ஆய்வில், வெறும் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும் குறிப்பைப் படிக்க யாருக்கு மனசு வரும்?

என் கையில் விட்டால் மூன்று காரியம் கேட்பேன். தேர்வு நடந்த அன்று மாலையே அறிக்கை எனக்கு வர வேண்டும். தாமதமானால் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். சதவீதத்தோடு, பிள்ளை தொட்ட தவறான விடையும் வர வேண்டும். தனிப்பட்ட பிள்ளையின் முடிவு வகுப்பறையைத் தாண்டிப் போகக் கூடாது. மாவட்டம் எப்படி இருக்கிறது என்று மேலே அறிய வேண்டுமானால், சில பள்ளிகளை மாதிரிக்கு எடுத்து வெளியாட்களை வைத்து அளந்துகொள்ளட்டும். தேசிய அளவில் அடைவு ஆய்வு மாதிரி எடுத்துத்தானே நடக்கிறது.

பல்லியைத் தொடாத அந்தப் பையன் இப்போது எழுத்துக் கூட்டுகிறான். ‘ப…ல்…லி’ என்று இழுத்துப் படித்துவிட்டு, “இது ஸ்கூல் இல்ல டீச்சர், செவுத்துல ஓடும்ல, அது” என்கிறான். அவன் பெயருக்கு எதிரே அறிக்கையில் இன்னும் லகர ளகர வேறுபாடு என்றே இருக்கிறது. திருத்த அதில் இடமில்லை. என் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.