தொழிலும் எழுத்தும்: டொமினிக் ஜீவாவை மதிப்பிடும் முறை

ஈழத்து முற்போக்கு இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் டொமினிக் ஜீவாவின் பெயர் வந்ததும் இருவகையாகத் தடுமாறுகிறார்கள். "முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்தும் எழுத்தாளராக உயர்ந்தார்" என்று வியப்போர் ஒரு சாரார். "எழுத்தாளனுக்குச் சாதியேது, தொழிலேது? அதை ஏன் எடுக்கவேண்டும்?" என்று நாகரிகமாக அப்பேச்சை ஒதுக்கிவிடுவோர் மற்றொரு சாரார். முதற்கூற்றிலுள்ள 'இருந்தும்' என்ற சொல், அத்தொழில் இழிவானதென்று ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது கூற்றோ, இழிவைப் பேசாமல் விட்டாலே சமத்துவம் வந்துவிடும் என்று எண்ணுகிறது. இரண்டும் பிழையென்பதே நமது கருத்து.

1927இல் பிறந்த ஜீவா, பள்ளிக்கூடத்திலே சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டவர். வகுப்பறை கொடுக்க மறுத்த கல்வியைத் தொழிலிடம் கொடுத்தது. யாழ்ப்பாண நகரின் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் கத்தரிக்கோலும் அரசியற் பேச்சும் புத்தகங்களும் ஒன்றாயிருந்தன. 1966 ஆகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' அந்தச் சூழலிலேதான் வளர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் மலையகத்தாரும் அதில் எழுதினார்கள்; சிங்களக் கதைகள் தமிழாகி வந்தன. படித்த யாழ்ப்பாணம் தன் எழுத்தைக் கொடுக்க ஒரு முடிதிருத்தகத்தின் படியேற வேண்டியதாயிற்று.

இதனால் சலூன் என்பது இயல்பாகவே சமத்துவக் கூடமென்று எவரும் மயங்கவேண்டாம். கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் மட்டுமல்ல, முடிதிருத்தகமும் சலவையகமுங்கூடப் பஞ்சமருக்கு மூடப்பட்டிருந்த காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஒடுக்கப்பட்டவன் கையாலேயே ஒடுக்கப்பட்டவனுக்குக் கதவடைக்கச் செய்த கொடுமை அது. ஒரே இடத்தில் ஒன்றாக உழைப்பதால் மட்டும் மனிதர் ஒன்றாகிவிடுவதில்லை. 1966ஐ அடுத்த ஆண்டுகளில் நடந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும், அவற்றின் களத்திலிருந்து கே. டானியல் எழுதிய 'பஞ்சமர்' நாவலும் இதையே உணர்த்தின. கதவுகள் தாமாகத் திறக்கவில்லை; போராடியவர்கள் திறந்தார்கள்.

ஜீவாவின் எழுத்துக்கு வருவோம். 'தண்ணீரும் கண்ணீரும்' (1960), 'பாதுகை' (1962) ஆகிய தொகுதிகளின் சிறப்பு, ஏழைகளைப் பாடியதில் இல்லை. இரக்கத்தோடு பாடியவர்கள் முன்னரும் உண்டு. உழைப்பாளியை அவனுடைய தொழிலோடும் பேச்சோடும் சேர்த்தே மனிதனாகக் காட்டியதுதான் சிறப்பு. முடிதிருத்துபவனும் செருப்புத் தைப்பவனும் தங்கள் தொழிலை மறைத்துக்கொண்டு கதைக்குள் நுழைவதில்லை. அதன் நுணுக்கத்தையும் பெருமையையும் சுமந்தே வருகிறார்கள். வாசகன் முதலில் காண்பது வேற்றுமை. அதற்குள்ளே தனக்குமுரிய மானத்தையும் கோபத்தையும் பாசத்தையும் பிறகு கண்டுகொள்கிறான். இத்தகைய பேச்சுமொழியைத்தான் 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுச் சர்ச்சையில் 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அந்த விவாதம் இலக்கணத்தைப் பற்றியது மட்டுமல்ல. எவருடைய நாக்கு இலக்கியத்துக்குள் வரலாம் என்பதைப் பற்றியது.

குறையும் உண்டு. சில கதைகளின் இறுதியில் பாத்திரத்தின் குரலை மீறி ஆசிரியரின் குரல் ஒலிக்கிறது. கதை காட்டிவிட்டதை மறுபடியும் பிரசங்கம் சொல்கிறது. இதைச் சொல்லத் தயங்குவது அன்பாகாது. தொழிலைக் காரணங்காட்டி ஒருவரை இறக்குவது அநீதி. அதே தொழிலைக் காரணங்காட்டி அளவுகோலைத் தளர்த்துவது அவரைச் சமமாக நினையாமையின் மற்றொரு வடிவம். எவருக்கும் வைக்கும் அளவுகோலையே ஜீவாவுக்கும் வைப்போம். அதன்பின்பும் அவர் நிற்கிறார்.

2021இல் ஜீவா மறைந்தார். தம் தொழிலை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை; சபைகளிலும் எழுத்திலும் தாமாகவே அதை முன்வைத்தார். அதை அவருக்காக நாம் மறைப்பது எந்த வகை மரியாதை?

இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. "எங்கள் பாடசாலையில் யாரும் சாதி பார்ப்பதில்லை" என்று ஆசிரியர் ஓய்வறைகளில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. நல்லது. ஆனால் அந்த அறையிலே ஒருவர் தம் தகப்பனின் தொழிலைக் குரல் தாழ்த்தாமற் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால், அங்கே நிலவுவது சமத்துவமல்ல, மௌனம். ஜீவாவைத் துரத்திய வகுப்பறையும் ஓர் ஆசிரியரின் தொழிலிடந்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.