மூளைக்கு ஒரு வக்கீல்

கிரிவலத்தில் அடி அண்ணாமலை வருவதற்குள் கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் வக்கீல் என்றார். ‘சிவிலா, கிரிமினலா?’ என்றேன். ‘மூளை சார்’ என்றார். அந்தரங்க உரிமையும் மூளையைப் படிக்கும் கருவிகளும்தான் அவர் துறையாம். ‘கட்சிக்காரங்க வர்றாங்களா?’ ‘இனிமேதான் சார் வருவாங்க.’

அவர் படிக்கச் சொன்னது ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’. 2010 மே 5 அன்று கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மூன்று நீதிபதிகள் தந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. ஊர் திரும்பியதும் முழுசும் படித்தேன்.

விவகாரம் நார்கோ ஊசி, பொய் காட்டும் கருவி, மூளை மின்னலைச் சோதனை என்ற மூன்றையும் பற்றியது. மூன்றாவதுதான் விநோதம். தலையில் எலக்ட்ரோடு தொப்பி. நீங்கள் வாயே திறக்க வேண்டாம். ‘ஆர்சனிக் வாங்கினேன்’ என்பது போன்ற வாக்கியங்களைக் கேட்கவைப்பார்கள். வாங்கியிருந்தால் ஞாபகம் கிளறி அலை மாறுமாம். இதையும் ஒரு சாட்சியமாக ஏற்று 2008-ல் புனே கோர்ட் ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

சுப்ரீம் கோர்ட் இங்கே அழகாக யோசித்திருக்கிறது. வாய் பேசாவிட்டாலும் மூளை தருவது வாக்குமூலம்தான். கட்டாயப்படுத்தி எடுப்பது அரசியல் சட்டம் 20(3)-க்கு விரோதம் என்றது. பேசுவதா, சும்மா இருப்பதா என்பது அவரவர் அந்தரங்கம். ஒன்பது நீதிபதிகளின் புட்டசாமி தீர்ப்புக்கு 7 வருஷம் முன்பே சொன்னது. சபாஷ்.

சறுக்கல் கடைசிப் பக்கங்களில். சம்மதித்தால் சோதிக்கலாமாம். மாஜிஸ்திரேட் பதிவு செய்ய வேண்டும், வக்கீல் இருக்க வேண்டும், எல்லாம் சரி. சோதனை முடிவு சாட்சியமாகாது. ஆனால் அதை வைத்துக் கண்டுபிடித்த பொருள் ஆகலாம். மூன்று ராத்திரி லாக்கப்பில் இருந்தவன் ‘சம்மதம்’ என்றால் அதற்கு என்ன அர்த்தம்? மாட்டேன் என்றால் ‘எதையோ மறைக்கிறான்’ என்று ஊர் பேசாதா? தீர்ப்பு இதற்குள் போதுமான அளவு போகவில்லை.

லாக்கப் நமக்கு எதற்கு என்கிறீர்களா? கவனத்தையும் தூக்கத்தையும் அளக்கும் ஹெட்பேண்டுகள் விற்பனைக்கு வந்தாயிற்று. ‘ஐ அக்ரீ’ தட்டினால் மூளை அலை கம்பெனிக்குப் போகும். இதுவும் படிக்காமல் தரும் சம்மதமே. சிலி நாடு 2021-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மூளைத் தகவலுக்குக் காவல் போட்டது. 2023-ல் ஒரு முன்னாள் செனட்டரின் தகவலை அழிக்கும்படி எமோட்டிவ் கம்பெனிக்கு அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நமது 2023 தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைக்கென்று தனியாக எதுவும் இல்லை.

இதே மலையடியில்தான் ரமணர் ‘நான் யார்?’ என்று உள்ளே கேட்டுப் பார்க்கச் சொன்னார். பதில் நமக்குத் தெரிவதற்கு முன்னால் ஹெட்பேண்ட் கம்பெனிக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்த வக்கீலுக்குக் கட்சிக்காரர்கள் சீக்கிரம் வருவார்கள்.