தண்ணீரைத் திருத்துவதா, இறாலைத் தேர்வதா?

அலங்கார இறால் வளர்க்கத் தொடங்குகிறவருக்கு இன்று முதலில் கிடைக்கும் பாடம், வீட்டுக் குழாயில் வருவது இறாலுக்கு ஆகாது என்பதுதான். ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, தாது உப்புப் பொடி கலந்து, அமிலத்தன்மையை நிலைநிறுத்தும் சிறப்பு மண்ணை அடியில் பரப்பி, கையில் டி.டி.எஸ். மீட்டரோடு உட்காரச் சொல்கிறார்கள். இந்த முறை வீண் என்று சொல்லமாட்டேன். எல்லா இறாலுக்கும் இதையே விதியாக்கியதுதான் தவறு. சென்னை போன்ற ஊரில் அந்த விதி வளர்ப்பவரையும் வாட்டுகிறது, இறாலையும் வாட்டுகிறது.

முறையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமான தேனீ இறால்களிடையே அபூர்வமாகத் தோன்றிய சிவப்பு நிறத்தை 1990களில் ஹிசயாசு சுசுகி பிரித்துப் பெருக்கினார். அதுவே கிரிஸ்டல் ரெட். தென்சீன மலையோடைகளின் மென்னீரைச் சேர்ந்த இனம். அதற்கு 6 முதல் 6.8 வரை பி.எச்., 20 முதல் 24 டிகிரி வெப்பம் வேண்டும். நம் போர் தண்ணீரில் அது நிலைக்காது, அதற்கு ஆர்.ஓ. அவசியம்தான்.

இறாலின் உடல்நலம் என்று எதைப் பேசினாலும் அது கடைசியில் ஓடு கழற்றுவதில் வந்து நிற்கும். வளர வேண்டுமானால் பழைய ஓட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். புதிய ஓடு இறுகும்வரை செடிக்குள் ஒளிந்திருக்கும். அதற்கு வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தாது சேர்க்காத வெறும் ஆர்.ஓ. நீரில் விட்டால் ஓடு சரியாகக் கழலாது. தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையமாகப் பிளந்து நின்றுவிடும். அந்த வளையம் விழுந்த இறால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினாலும் இதே கதி நேரலாம்: உடல் தயாராகும் முன்பே ஓடு கழற்ற முற்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தாது அளவை மீட்டர் எண்ணாகக் காட்டியது பெரிய உதவி. ஆனால் அதே மீட்டர் கையைச் சும்மா இருக்க விடுவதில்லை. 180 இருக்க வேண்டிய இடத்தில் 210 கண்டதும் அவசரமாகத் தண்ணீரை மாற்றுகிறார்கள். 210இல் பழகி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்த இறாலுக்கு அந்த மாற்றமே ஆபத்து. அதற்குத் தேவை சரியான எண்ணைவிட அசையாத எண்.

செர்ரி இறாலைப் பாருங்கள். தைவான், சீன ஓடைகளிலிருந்து வந்த இது, பி.எச். 6.5 முதல் 8 வரை தாங்கும். ஓரளவு கடினமான நீரை விரும்பவும் செய்யும். முட்டையைத் தாய் வயிற்றடியில் சுமார் நான்கு வாரம் சுமக்கும். பொரிப்பது முழு உருவக் குட்டி. குளோரின் நீக்கிய குழாய் நீர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா மாஸ், மீன்களில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் பழுத்த தொட்டி ஆகியவை போதும். கோடையில் மட்டும் கவனம் வேண்டும். ஆவியாகிப் போவது நீர்தான், தாதுக்கள் தங்கிவிடும். குறைந்த அளவைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே இருக்கும். ஆர்.ஓ. நீருக்கு உண்மையான வேலை இங்கேதான், இந்த நிரப்புதலில்தான். மே மாத வெக்கைக்கு நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி ஓரிரு டிகிரி குறைத்துத் தரும். கிரிஸ்டல் ரெட்டுக்கோ நாளெல்லாம் சில்லர் ஓட வேண்டும். குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருவில், ஒரு குடம் ஆர்.ஓ. நீருக்காக அதைவிட அதிகமான நீரைச் சாக்கடையில் விட்டு இறால் வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்களில் வராத ஆபத்தும் உண்டு. கொசு விரட்டித் திரவங்களில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் ஓட்டுடலிகளுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தொட்டிக்குள் செலுத்துகிறது. மீன் நோய்க்குப் போடும் செம்பு கலந்த மருந்தும் அப்படியே. டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் காட்டிக்கொடுக்காது. தினமும் மீட்டர் பிடிக்கும் வீட்டில் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொசு விரட்டி எரிவதைப் பார்க்கையில் மனம் பதறுகிறது.

நிறத் தரம் பிரிக்கும் மோகத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளை அடர்ந்தவற்றை மட்டுமே தலைமுறை தலைமுறையாக இணைத்ததில் உயர்தர கிரிஸ்டல் ரெட் நோஞ்சானாகிவிட்டது. எவ்வளவு சுத்தமான நீரும் அந்தப் பலவீனத்தை ஈடுசெய்யாது.

செர்ரியின் உறுதிக்கும் மறுபக்கம் இருக்கிறது. எதையும் தாங்குவதால் வெளியிலும் பிழைத்துக்கொள்ளும். ஜெர்மனியில் மின்நிலையக் கழிவுநீரால் வெதுவெதுப்பான கில்பாக் ஓடையில் அது குடியேறிவிட்டது. வெதுவெதுப்பான நீருக்குக் குறைவில்லாத நம் ஊரில் குளிர் என்ற தடையும் இல்லை. பெருகியதை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் நீரில் குட்டிகள் இருக்கலாம். அதை வாய்க்காலில் கொட்டாமல் மாடிச் செடிக்கு ஊற்றுங்கள்.